எட்டு நாள் தாழ்ப்பாள்

கஞ்சிக் கிண்ணம் கொதித்தது. பத்ருன்னிசா முந்தானையை நாலாக மடித்து அதைப் பிடித்தபடி மாடிப்படி ஏறி, அறைச் சன்னலின் கட்டையில் வைத்தபோது, துணியையும் மீறி விரல்நுனி சுட்டது. சன்னல் கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளேயிருந்த இருட்டிலிருந்து அவள் புருஷனின் கை நீண்டு, அந்தப் பித்தளைக் கிண்ணத்தை வெறும் உள்ளங்கையில் ஏந்தி, அவசரமே இல்லாமல் உள்ளே எடுத்துக்கொண்டது.

“சுடுது மச்சான். துணி தர்றேன், இருங்க.”

சன்னல் மூடிக்கொண்டது.

அவள் விரலை ஊதிக்கொண்டு அங்கேயே நின்றாள். காய்ச்சல்காரனுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். உடம்பே அடுப்பாக எரியும்போது கிண்ணத்தின் சூடு எம்மாத்திரம். அப்படி நினைத்துக்கொண்டுதான் கீழே இறங்கினாள். பாதிப் படியில் இன்னொன்று தோன்றியது. நேற்று வரை அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நூகு சைகோனிலிருந்து வந்து அன்றோடு நாலு நாள். துணிக்கடை வேலைக்காக அவன் கப்பலேறிய வருஷம், மகள் உம்மு சல்மா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு நாலு வயது. வாப்பா என்றால் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் படம் என்றுதான் அவளுக்குத் தெரியும். கடிதாசி வந்த நாளிலிருந்து பத்ருன்னிசா வீட்டைக் கழுவிவிட்டாள். கதவுகளுக்குப் புதுத் திரை தைத்தாள். வட்டிலப்பத்துக்குத் தேங்காய் எடுத்துவைத்தாள். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கிக் குதிரை வண்டியில் வந்தவன், வாசல் வழியாக வரவில்லை. கொல்லைப்புறமாக வந்து, கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றான். வாயையும் மூக்கையும் கைக்குட்டையால் கட்டியிருந்தான்.

“கிட்ட வராத பத்ரு. புள்ளயப் புடிச்சுக்க.”

மூன்று வருஷம் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை அது.

“கப்பல்ல காய்ச்சல். சிங்கப்பூர்ல ஏறும்போதே நாலு பேருக்கு இருந்திச்சு. நாகப்பட்டணம் வர்றதுக்குள்ள முப்பது பேரு படுத்துட்டாங்க. ரெண்டு பேர கடல்ல எறக்கினாங்க. அதுல ஒருத்தன் எனக்குப் பக்கத்துல படுத்துக் கெடந்தவன். நேத்துலேருந்து எனக்கும் ஒடம்பு கொதிக்குது.”

“அல்லாவே! ஆசுபத்திரிக்குப் போயிடலாமே மச்சான்.”

“அங்க எடமில்லயாம், வண்டிக்காரன் சொன்னான். மாடி ரூம்ல கெடக்கிறேன். எட்டு நாளு. வெளியில தாழ்ப்பா போட்டுடு. நான் என்ன சொன்னாலும் தொறக்காத. காய்ச்சல் தலைக்கேறிட்டா மனுசன் என்ன பேசுறான்னு அவனுக்கே தெரியாது. அந்த ஆளு அப்படித்தான் எழும்பி, ஒவ்வொருத்தன் படுக்கையா போயி குனிஞ்சு குனிஞ்சு மொகத்தப் பாத்தான். எறக்கின பொறகும்...”

அவன் நிறுத்திக்கொண்டான். பத்ருன்னிசாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப்பார்த்த மகளைப் பார்த்தான். கைக்குட்டைக்கு மேலே அவன் கண் சிவந்திருந்தது. அது காய்ச்சலா, அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கிணறு மட்டும் நடுவே இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வந்த வெறியை அவள் பல்லைக் கடித்து அடக்கினாள். அவன் வெளிப்படியில் ஏறிப் போனான். அவள் பத்தடி தள்ளியே பின்னால் போய், அவன் உள்ளே நுழைந்த பிறகு தாழ்ப்பாளைப் போட்டாள்.

அதற்குள் அவர்கள் ஊரான காரைக்காலிலும் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஜனங்கள் அதைக் கப்பல் காய்ச்சல் என்றார்கள். நகராட்சி ஆபீசான மேரியிலிருந்து தமுக்கு அடித்துக்கொண்டு ஆள் போனான். பள்ளிக்கூடம் மூடியிருக்கும், கூட்டம் கூடக்கூடாது, காய்ச்சல்காரர் வெளியே வரக்கூடாது என்று கூவினான். மீன் கொண்டுவரும் அல்லி வரவில்லை. அவள் வீட்டில் அஞ்சு பேரும் படுத்துவிட்டார்கள் என்று கேள்வி. தெருவில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. கத்திரி முடிந்தும் வெயில் அடங்காத அந்த வைகாசி மதியங்களில், மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருமுகிற சத்தம் மட்டும் வீடு வீடாகத் தொடர்ந்து போய், தெருக்கோடியில் மறுபடி திரும்பி வருவதுபோல இருக்கும். எதிர்வீட்டு சுல்தான் பீவி மாமியின் ஒரே மகன் இபுறாகீம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடந்தான். மாமி தனியாக இருந்தாள். யார் கூப்பிட்டாலும் கதவைத் திறப்பதில்லை, உள்ளேயிருந்தே “என்னா?” என்பாள்.

முதல் இரண்டு நாள் மாடியிலிருந்து வந்ததெல்லாம் ஒரு நோயாளியின் சத்தங்கள்தான். நெஞ்சைப் பிடுங்கும் இருமல். கட்டில் கிறீச்சிடுவது. “வை. போயிடு” என்று ஈனமான குரல். வைத்த கஞ்சியில் பாதி திரும்பிவந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் இருமல் நின்றது. நாலாம் நாள், நடுங்காத அந்தக் கை.

அதிலிருந்து கிண்ணம் காலியாகத் திரும்பிற்று. ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்காது, துடைத்ததுபோல இருக்கும். பத்ருன்னிசா அதைப் பார்த்து அல்லாவுக்கு நன்றி சொன்னாள். பசி வந்தால் பிழைத்தான் என்று அர்த்தம். அவன் குரலும் தேறியிருந்தது. கட்டிலிலிருந்து வரவில்லை, சன்னலுக்கு மிக அருகிலிருந்து வந்தது.

“பத்ரு.”

“சொல்லுங்க மச்சான்.”

“அங்கயே ஒக்காந்து ஏதாச்சும் பேசு.”

அவள் மேல்படியில் உட்கார்ந்து பேசினாள். மூன்று வருஷமாகப் பேச ஆளில்லாமல் தேங்கியிருந்ததெல்லாம் வந்தது. சல்மா முதலில் நடந்தது கிணற்றடியில். மூன்று வயதில் ஊசி போட்டபோது டாக்டரைக் கடித்துவிட்டாள். புளியம்பிஞ்சு என்றால் உயிர். தூங்கும்போது இடது காதைப் பிடித்துக்கொள்வாள். கூரையில் ஒழுகிய இடம், கடன் வாங்கிய அரிசி, பெருநாளுக்கு யாரும் வராத வீடு, சுல்தான் பீவி மாமி மகனை நினைத்து விடியவிடிய ஓதுவது எல்லாம் சொன்னாள். அவள் நிறுத்தும்போதெல்லாம் மூடிய சன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரே சொல் வரும்.

“அப்புறம்?”

அவன் இப்படிக் கேட்கிறவன் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் பேச ஆரம்பித்தால், “சுருக்கச் சொல்லு” என்பான். தூரம் போனால் மனுஷன் மாறிவிடுவான் என்று அவள் சந்தோஷப்பட்டாள். “அப்புறம் சொல்லு, பத்ரு.” அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

பேச்சுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக். சன்னலருகே இல்லை. அறையின் உள்மூலையில், கட்டில் கிடக்கும் பக்கம். ஏதோ மரத்தில் விரல் மூட்டால் தட்டுவதுபோல மிக லேசாக. இரண்டு தட்டு. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தட்டு.

“அது என்னா சத்தம் மச்சான்?”

“எலி, பத்ரு.”

சன்னலுக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வந்தது. அவள் கட்டில் மூலையையும் சன்னலையும் மனசுக்குள் ஒருமுறை அளந்து பார்த்தாள். பிறகு எழுந்து, அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கீழே போனாள்.

ஐந்தாம் நாள் காலையில் சர்க்கார் கம்பவுண்டர் நீலகண்டன் வந்தார். வீடு வீடாகச் சிவப்பு மருந்து கொடுத்துக்கொண்டு போகிறவர். மூக்கைச் சுற்றி மல் துணி, அதில் நீலகிரித் தைல வாசனை. மாடிக்கு ஏறவில்லை. படிக்குக் கீழேயே நின்று குரல் கொடுத்தார்.

“பாய், எப்படி இருக்கு?”

“நல்லாருக்கேன்” என்றது மேலேயிருந்து.

“காய்ச்சல்?”

“காய்ச்சல் போயிடிச்சு.”

“சளி, இருமல்?”

“இருமல் போயிடிச்சு.”

நீலகண்டன் புட்டியில் மருந்தை ஊற்றப் போனவர் ஒரு கணம் நின்றார். துணிக்கு மேலே அவர் புருவம் சுருங்கிற்று. “அம்மா, உள்ள அவரு ஒருத்தருதானே?”

“ஆமாங்க.”

“இல்ல, யாரோ மொனகுற மாதிரி இருந்திச்சு.” அவர் தலையை உதறிக்கொண்டார். “மூணு நாளா நான் தூங்கல. காதுல எல்லா வீட்டுச் சத்தமும் கேட்டுக்கிட்டே இருக்கு. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. இன்னும் ரெண்டு மூணு நாளு தனியா இருக்கட்டும். தண்ணி நெறய குடுங்க. இந்தக் காய்ச்சல்ல தண்ணி இல்லாமத்தான் ஆளு போறாங்க.”

அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பத்ருன்னிசா ஒரு கூஜா நிறையத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். கை வந்து எடுத்துக்கொண்டது. அரை நாழிகையில் கூஜா காலியாகத் திரும்பிவந்தது. இன்னொரு கூஜா வைத்தாள். அதுவும் காலி.

உள்மூலையில் டொக், டொக்.

அன்று சாயங்காலம் அந்தக் குரல் முதல்முறையாக மகளைக் கேட்டது. “புள்ளயக் கூட்டிக்கிட்டு வா.”

“நீங்கதானே எட்டு நாளுன்னு சொன்னீங்க.”

“எட்டி நின்னு பாக்கட்டும். அவளுக்குப் புளியம்பிஞ்சு தர்றேன்.”

அவள் சிரித்துவிட்டாள். பூட்டின அறைக்குள் புளியம்பிஞ்சுக்கு எங்கே போவான். ஆனால் கீழே வந்தபோது சல்மா கொல்லையில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். புளியம்பிஞ்சு. “யாருடி குடுத்தா?” குழந்தை மாடியைக் காட்டினாள். வெளிப்படியின் மேல்கோடி, சன்னல், மூடிய கதவு. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கொல்லைப் புளியமரத்தின் கிளை ஒன்று கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்திருந்தது. சன்னலிலிருந்து அதை எட்ட மூன்று ஆள் நீளக் கை வேண்டும். குழந்தை தானே கீழே கிடந்ததைப் பொறுக்கிவிட்டுக் கதை சொல்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியே அவள் முடிவு செய்துகொண்டாள்.

ஆறாம் நாள் முழுக்க அந்தக் குரல் அவளை விடவில்லை. அதட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. சன்னலின் மரத்தில் வாயை வைத்துக்கொண்டு பேசுவதுபோல, அவள் காதுக்கு மட்டும், மெதுவாக. மூணு வருசமாச்சு பத்ரு. உன் மொகத்தப் பாக்கல பத்ரு. பெருநாளுக்கு யாரும் வராத வீட்டுல நீ தனியா கெடந்தியே பத்ரு. அவள் மூன்று முறை கீழே போனாள். மூன்று முறையும் மேலே வந்தாள். மஹ்ரிப் பாங்கு சொன்ன நேரம், வானம் மஞ்சளாகவும் சுவர்கள் சாம்பல் நிறமாகவும் மாறிக்கொண்டிருந்தபோது, அவள் கை தானாகத் தாழ்ப்பாளின் மேல் இருந்தது. கம்பவுண்டரே காய்ச்சல் போய்விட்டது என்று கேட்டுக்கொண்டு போனார். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது. அவளும் மனுஷிதானே.

தாழ்ப்பாளை விலக்கினாள்.

அவன் கதவை ஒட்டியே நின்றிருந்தான். எத்தனை நேரமாக அப்படி நின்றிருந்தானோ. அவள் ஒரு பக்கக் கதவைத் திறந்த அளவிலேயே அவன் வெளியே வந்து, பின்னால் கையை நீட்டிக் கதவைச் சாத்தி, அவனே தாழ்ப்பாளைப் போட்டான்.

“உள்ளார காத்து சரியில்ல. ரெண்டு நாளு மூடியே கெடக்கட்டும்.”

நூகுதான். அதே நெற்றி, அதே மீசை, வலது புருவத்தில் சின்ன வயதில் அடிபட்ட வெட்டு. ஆறு நாள் காய்ச்சலில் கிடந்த முகம் வாடியிருக்க வேண்டும், அது வாடவில்லை. சுவரிலிருந்த படத்தில் எப்படி இருந்தானோ அப்படி இருந்தான். அவள் அவன் மார்பில் முகத்தை வைத்தாள். வியர்வை நாற்றம் இல்லை, மருந்து வாசனை இல்லை. ஈர மரத்தில் உப்புப் பூத்த வாசம். கப்பல் வாசம் இன்னும் போகவில்லை என்று நினைத்தாள்.

சல்மா பயப்படவில்லை. படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “வாப்பா” என்று தானாகவே அவன் மடியில் ஏறிக்கொண்டாள். அவன் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டான். கருவாட்டு முள்ளைத் துப்பவே இல்லை. அன்று இரவு அவன் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். பத்ருன்னிசா மகளோடு கீழறைக்குள் படுத்தாள். அவளுக்கு ஆறு நாள் தூக்கம் ஒன்றாக வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை முழுக்க அவன் மகளோடு பேசிக்கொண்டிருந்தான். பத்ருன்னிசா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவள் கை வேலையில் மெதுவானது.

“நீ மொதல்ல நடந்தது கெணத்தடியில” என்றான். “டாக்டரக் கடிச்சிட்டே” என்றான். “தூங்கும்போது எடது காதப் புடிச்சுக்குவே” என்றான்.

எல்லாம் அவள் சொன்னது. அவள் சொன்ன அதே வரிசையில். அவள் எங்கே மூச்சு வாங்கினாளோ அங்கே அவனும் மூச்சு வாங்கினான்.

அவள் கூடத்துக்கு வந்தாள். “மச்சான், சைகோன்ல கடை எப்படி இருக்கு?”

அவன் புன்னகைத்தான்.

“மொதலாளி பேரு என்னமோ எழுதியிருந்தீங்களே, மறந்துட்டேன்.”

அவன் புன்னகைத்துக்கொண்டே இருந்தான். கண் இமைக்கவில்லை. “அப்புறம்?” என்றான்.

அவள் தனக்குத்தான் காய்ச்சல் வருகிறது என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. கழுத்தைத் தொட்டாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. நெடுநாள் பிரிந்திருந்தால் இப்படித்தான் அந்நியமாகத் தெரியும். நோயிலிருந்து எழுந்தவனுக்கு ஞாபகம் தடுமாறும். பத்து நாள் போனால் சரியாகிவிடும். அவள் ஒவ்வொரு காரணமாக எடுத்துத் தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டது.

தலைக்கு மேலே. மாடியில்.

இருமல்.

ஒற்றை இருமல். வறண்டது, நெஞ்சில் காற்றே இல்லாதது. அவள் முதல் இரண்டு நாளும் கேட்டு மனப்பாடமாகிவிட்ட இருமல்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தை. வாய் மூடியிருந்தது.

“எலி, பத்ரு” என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். அடுப்படிக்குப் போனாள். செம்பில் தண்ணீர் மொண்டாள். ஏன் மொண்டாள் என்று அவளுக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது. “துணி காயப்போட்டுட்டு வர்றேன்” என்று கூடத்தின் பக்கம் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா? அவன் கை குழந்தையின் வயிற்றைச் சுற்றியிருந்தது. இழுத்தால் தெரிந்துவிடும். ஒரு நிமிஷம். ஒரே நிமிஷத்தில் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஒன்றும் இருக்காது. எலிதான்.

கொல்லை. மதிய வெயில். சுண்ணாம்புச் சுவர் கண்ணைக் கூசவைத்தது. ஜும்மா நேரம், பள்ளிவாசலில் கூட்டம் கூடாததால் தெரு செத்துக் கிடந்தது. வெளிப்படி. ஒன்று. இரண்டு. செம்பிலிருந்து தண்ணீர் தளும்பிக் காலில் விழுந்தது. மேல்படி. கதவு.

டொக்.

அவள் தாழ்ப்பாளை விலக்கினாள்.

உள்ளே முதலில் நாற்றம் வந்தது. ஏழு நாள் வியர்வை, மூத்திரம், புளித்த மூச்சு. ஒரு மனுஷன் படுத்துக் கிடக்கும் நாற்றம். தெருப்பக்கத்துப் பலகையடுக்குச் சன்னலின் இடுக்குகளில் வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்திருந்தது. கோடுகளுக்கு நடுவே கட்டில். கட்டிலில் நூகு.

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உதடு வெடித்து, வெடிப்பில் ரத்தம் கறுத்திருந்தது. நாக்கு மரத்துண்டுபோல வெளியே தெரிந்தது. ஒரு கை மட்டும் கட்டிலிலிருந்து தொங்கி, விரல் மூட்டுகள் கட்டில் காலைத் தொட்டுக்கொண்டிருந்தன. மூட்டுகளில் தோல் உரிந்திருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்தது. அடையாளம் கண்டது.

செம்பை அவன் வாயில் சாய்த்தாள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. கொஞ்சம் உள்ளே போயிற்று. தொண்டை அசைந்தது. அவன் பேசப் பார்த்தான். அவள் காதை அவன் வாயருகே வைத்தாள்.

“பத்ரு.” காற்று. “இத்தன நாளா...” காற்று. “யாரு கூட பேசிக்கிட்டிருந்தே?”

அவளுக்குப் பின்னால் கதவு மூடியது.

மெதுவாக. சத்தமில்லாமல். பிறகு தாழ்ப்பாள் மட்டும் ஒரு சத்தம் போட்டது.

செம்பு உருண்டது. அவள் கதவில் போய் மோதினாள். இரண்டு கையாலும் அடித்தாள். “சல்மா! சல்மா!”

“உம்மா” என்றது வெளியே குழந்தையின் குரல், சந்தோஷமாக. “வாப்பா என்னயக் கூட்டிட்டுப் போறாங்க.”

“போகாதடி! எறங்குடி! சல்மா, அது வாப்பா இல்லடி!”

குழந்தை ஏதோ கேட்டாள். அதற்குப் பதில் சொன்னது அவள் புருஷனின் குரல் இல்லை. ஒரு பெண் குரல். பத்ருன்னிசாவின் குரல். மேல்படியில் உட்கார்ந்து நாளெல்லாம் அவள் பேசிய அதே குரல், அதே இழுப்பு.

“சுடச்சுடக் கஞ்சி வச்சுத் தர்றேன் மச்சான். படுத்துக்கங்க.”

குழந்தை கலகலவென்று சிரித்தது. காலடிகள் இறங்கின. ஒரே ஆளின் காலடிதான். சிரிப்பு இறங்கிக்கொண்டே போயிற்று.

அவள் கதவை இடித்தாள். தோளால் இடித்தாள். அந்தக் கால பர்மா தேக்கு. அசையவில்லை. படிப்பக்கத்துச் சன்னலில் கூஜா நுழையும் இடைவெளி மட்டும் விட்டுக் கம்பி. தெருப்பக்கம் ஓடினாள். பலகையடுக்கின் கீல்கள் துருவேறி இறுகியிருந்தன. விரலை விட்டு ஒரே ஒரு பலகையை மேலே நிமிர்த்தினாள். நகம் பெயர்ந்தது. தெரு தெரிந்தது.

வெயில். புழுதி. வரிசையாக மூடிய கதவுகள்.

அவன் நடுத்தெருவில் நடந்துகொண்டிருந்தான். அவசரமில்லை. சல்மா அவன் தோளில் முகத்தை வைத்து, இடது காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள்.

“யாராச்சும் வாங்களேன்! என் புள்ளய வாங்குங்களேன்!”

தெரு முழுவதும் கேட்டிருக்கும். எந்தக் கதவும் திறக்கவில்லை. பத்து நாளாக ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பெண் இப்படித்தான் அலறிக்கொண்டிருக்கிறாள். அந்த வீடுகளுக்கு அவளும் கதவைத் திறந்ததில்லை.

அவன் சுல்தான் பீவி மாமியின் வாசலில் நின்றான். கதவில் முகத்தை ஒட்டினான். பலகையில் உதடு படுகிற அளவுக்கு.

“மாமி, தொறக்காதீங்க! மாமி! தொறக்காதீங்க!”

“என்னா?” என்றது உள்ளேயிருந்து மாமியின் குரல்.

“உம்மா” என்றான் அவன். இளசான குரல். காய்ச்சலில் தளர்ந்த குரல். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடக்கும் இபுறாகீமின் குரல். “நாந்தான் உம்மா. அனுப்பிட்டாங்க. நிக்க முடியல.”

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஓடிவரும் காலடி. பத்ருன்னிசா கத்தினாள், குரல் உடைந்து கத்தினாள். பின்னால் கட்டிலில் நூகு இருமத் தொடங்கினான்.

எதிர்வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. இடுக்கிலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை வெளியே வந்தது. அவன் கன்னத்தைத் தடவியது. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தது. பிறகு அவன் தோளைப் பற்றி, தூங்கும் குழந்தையோடு சேர்த்து, அவனை உள்ளே இழுத்துக்கொண்டது.